குசினிக் கேள்வி பதில்: முறுகலாக வாட்டிய வெண்டிக்காயும் மற்றப் பச்சைக் காய்களும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டால், 25 நாட்களுக்கு யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு மேல்தட்டுக்குப் போய்விடும். பருப்பும் சொதியும் ஒரு பால்கறியும் நாள்தோறும் வந்துகொண்டிருக்க, அவற்றோடு கடித்துச் சாப்பிட ஏதாவது முறுகலாக வேண்டும் என்று பிள்ளைகள் மூன்றாம் நாளே கேட்கத் தொடங்குவார்கள். அதனாற்போலும், இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. பச்சைக் காயைக் குறைந்த எண்ணெயில், குழைய விடாமல், கூடியவரை நிறம் கெடாமல் வாட்டி எடுப்பது எப்படி என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கத்தை முழுமையாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குக் கொலஸ்ரரோல் கூடியிருப்பதால் பொரித்த கறிகளைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். வெண்டிக்காயைப் பொரிக்காமல் இரண்டு மூன்று கரண்டி எண்ணெயில் வதக்கிப் பார்த்தேன். வெட்டிக் கழுவி, விரைவாக அவியட்டும் என்று உப்பும் போட்டு மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் நூல் நூலாக இழுபட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிட்டது. என் பிழை எங்கே?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: கடிதத்தில் செய்முறையை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி, பிழை அதிலேயே தெரிகிறது. நீங்கள் மூன்று முறை சட்டிக்குள் தண்ணீரை விட்டிருக்கிறீர்கள். வெட்டிய பிறகு கழுவியது முதலாவது, தொடக்கத்திலேயே உப்புப் போட்டது இரண்டாவது, மூடி வைத்தது மூன்றாவது. வெண்டிக்காயின் சதைக்குள் இருக்கும் பசைப்பொருள் நீரைக் கண்டால் உறிஞ்சி, ஊதி, நூலாக இழுபடும் இயல்புடையது. காய் உலர்ந்து, சூடு உறைப்பாக இருந்தால் அந்தப் பசை இருந்த இடத்திலேயே வற்றிவிடும். ஈரமும் மெல்லிய சூடும் சேர்ந்தால் அது சட்டி முழுவதும் பரவிவிடும். நீரில்லாமல் வாட்டுவது ஒன்றே இதற்கு வழி என்பதை நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்று கண்டிருக்கிறேன். மனைப்பொருளியல் வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இதையேதான் முதலிற் சொல்லிக் கொடுத்தேன்.

காயை வாங்குவதிலிருந்தே தொடங்குவோம். திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ காலையில் தோட்டத்திலிருந்து வந்திறங்கும் வெண்டிக்காயைப் பாருங்கள். விரலளவு நீளமும், மெல்லிய பூனைமயிர் போன்ற சுணையும், அழுத்தினால் மெத்தென்று இருக்கும் இளமையும் இருக்க வேண்டும். நுனி சட்டென்று முறிந்தால் பிஞ்சு. வளைந்து நார் தெரிந்தால் முற்றல். முற்றலைக் குழம்பில் போட்டாலும் சப்பித் துப்பவேண்டித்தான் வரும்; வாட்டினால் இன்னும் மோசம். விற்பவர் முன்னிலையில் ஒவ்வொரு நுனியாக முறித்துப் பார்ப்பது அவர்களின் வயிற்றில் அடிப்பதாகும். கையில் எடுத்து விரலால் மெல்ல அமத்திப் பார்த்தாலே போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முழுக்காயாகவே கழுவிவிடுங்கள். கழுவிய காயைச் சுளகில் பழைய பருத்தித் துணியொன்றை விரித்துப் பரப்பி, மின்விசிறியின் கீழே அரை மணித்தியாலம் விடுங்கள். என் அம்மா பழைய வேட்டித் துண்டொன்றை இதற்கென்றே வைத்திருந்தார். ஒவ்வொரு காயையும் காம்பில் பிடித்து நுனிவரை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் அரிவாளுக்கு முன்னால் உட்காருவார். அரிவாள் அலகும் உலர்ந்திருக்க வேண்டும். நாலைந்து காய் வெட்டியதும் அலகில் பசை படியும், அதை அந்தத் துணியாலேயே துடைத்துக்கொண்டு தொடருவார். சின்ன வட்டங்களாக வெட்டினால் உள்ளிருக்கும் பசை வெளிவருவதற்கு எத்தனையோ வாசல்கள் திறந்துவிடும். காயை நீளவாட்டில் இரண்டாகவோ, பருமனானால் நான்காகவோ பிளந்தால் வெட்டுமுகம் தட்டையாகச் சட்டியில் படியும், அதனால் நன்றாக முறுகும்.

இனி அடுப்பு. வெண்டிக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அரைக் கிலோ காயில் ஏறத்தாழ 450 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கணிசமான பங்கை ஆவியாக்கி வெளியே அனுப்பிய பிறகே காயின் மேற்புறம் 100 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். பொன்னிறமும் வறுத்த வாசனையும் வருவதற்கு 140 பாகை அளவுக்காவது மேற்புறம் சூடேற வேண்டும். கொதிநிலையில் இருக்கும் நீரை ஆவியாக்குவதற்குத் தேவைப்படும் வெப்பம், அதே நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். ஒரு சிறிய தாச்சியில் அரைக் கிலோவையும் குவித்துவிட்டால் அடுப்பு அந்தச் சுமையை இழுக்க முடியாமல் திணறும். ஆவி வெளியேறாமல் காய்களுக்கிடையே நின்று அவித்துவிடும். தேர்த் திருவிழாவன்று ஒருமுறை, கோயிலால் வந்த விருந்தினருக்குப் பந்தி பிந்திவிடுமே என்று ஒரு கிலோ வெண்டிக்காயை ஒன்றாகக் கொட்டிவிட்டேன். முறுகல் கறி என்று இலையில் வைத்தது களியாக இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்கு இன்றுவரை மனத்தில் நிற்கிறது. அன்றிலிருந்து எத்தனை பேர் வந்தாலும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்தே போடுகிறேன்.

அகலமான இரும்புத் தாச்சி அல்லது தடித்த அடியுள்ள தோசைக்கல் இருந்தால் நல்லது. 250 கிராம் காய்க்கு ஒன்றரை மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் தாராளமாகக் காணும். முதலில் வெறும் தாச்சியை நன்றாகக் காயவிட்டு, பிறகு எண்ணெயை ஊற்றிச் சுழற்றி, வெட்டுமுகம் கீழே படும்படி காய்களை ஒரே படையாக அடுக்குங்கள். அடுக்கிய பிறகு அகப்பையைத் தொடவே வேண்டாம். முதலில் சட்டி உரத்துச் சீறும். அது நீர் வெளியேறும் சத்தம். நான்கு நிமிடம் அளவில் அந்தச் சீறல் தணிந்து, எண்ணெய் படபடவென்று மெல்லியதாகப் பேசத் தொடங்கும்போது ஒரு துண்டை மாத்திரம் புரட்டிப் பாருங்கள். ஓரங்களில் மண்ணிறம் ஏறி, நடுவில் விதைகள் வெளுத்துத் தெரிந்தால் எல்லாவற்றையும் புரட்டலாம். சத்தத்தைக் காதால் கேட்டுச் சமைக்கப் பழகியவருக்கு மணிக்கூடு தேவையில்லை. மொத்தத்தில் 12 தொடக்கம் 15 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். இடையிடையே நூல் இழுபட்டால் பதறவேண்டாம், மூடாமல் விட்டால் அது தானே வற்றிவிடும்.

தாளிதத்தை வேறு சட்டியில் செய்யச் சொல்வேன். சின்ன வெங்காயமும் நீர் நிறைந்தது; அதை வெண்டிக்காயோடு சேர்த்து வதக்கினால், இவ்வளவு பாடுபட்டு வற்றவைத்த நீரை மறுபடியும் நாமே ஊற்றியதாகிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும் பெருஞ்சீரகம், நசுக்கிய உள்ளி நான்கு பல்லு, கிள்ளிய செத்தல் மிளகாய் இரண்டு, ஒரு நெட்டு கறிவேப்பிலை, ஐந்தாறு வெங்காயம் என்று வரிசையாகப் போட்டுச் சிவக்க விடுங்கள். அதை வாட்டிய காயின் மேல் கொட்டி, அரைத் தேக்கரண்டி கட்டைத்தூளும் அளவான உப்பும் தூவி, ஒரு நிமிடம் பிரட்டி அடுப்பை நிறுத்துங்கள். தேசிக்காய்ப் புளி தாச்சியை இறக்கிய பிறகே. புளி பட்டதும் இலைப்பச்சை நிறம் மங்கத் தொடங்கும் என்பதாலும், சூட்டில் தேசிப்புளியின் வாசனை பறந்துவிடும் என்பதாலும் அதைப் பந்தியில் பிழிவதே மேல். மொட்டைக்கறுப்பன் சோறும் பருப்பும் அருகில் இருந்தால் உங்கள் கணவர் பொரியலைத் தேடமாட்டார் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: தொலைக்காட்சியில் வரும் தமிழ்நாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளில் ‘பீன்ஸ் பொரியல்’ என்கிறார்கள். செய்து பார்த்தால் அது எங்கள் வறை போலவே இருக்கிறது. எது சரி?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: இரண்டும் அவரவர் ஊரில் சரி. தமிழ்நாட்டில் தாளித்து, காயை வதக்கி, தேங்காய்த் துருவல் தூவி இறக்குவதைப் பொரியல் என்பார்கள். நாங்கள் பொரியல் என்றால் எண்ணெயில் மூழ்கவிட்டு எடுப்பது. அவர்களின் பொரியலுக்குக் கிட்டவருவது எங்களின் வறை. நான் மேலே எழுதியது இரண்டும் அல்ல. தேங்காய்ப்பூவும் இல்லை, எண்ணெயில் மிதப்பும் இல்லை. சூடான இரும்பில் காயின் ஈரத்தை வற்றவைத்து மேற்புறத்தைச் சிவக்க வைக்கும் வாட்டல். பெயர் எதுவானாலும், நிகழ்ச்சியைப் பார்த்துச் சமைக்கும்போது சட்டிக்குள் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி: என் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்கு வீடு போறணை இருக்கிறதாம். போஞ்சிக்காயை அதில் வைத்து எடுத்தால் தோல் சுருங்கி, உள்ளே பச்சை வாசனை போகாமல் இருக்கிறது என்கிறாள். தூள் போட்டால் கருகிக் கசக்கிறதாம். அவளுக்கு என்ன சொல்வது?
– வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: போறணை என்ற சொல்லைக் கண்டதும் மனம் மகிழ்ந்தது. குசினி, பாண், போறணை ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயரிடமிருந்து எங்களிடம் வந்தவை. யாழ்ப்பாணத்தை அவர்கள் ஆண்டது 1619 முதல் 1658 வரைதான். அந்தச் சொற்களோ இன்றும் எங்கள் வாயில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் எழுதும்போதும் அவை வருவது எவ்வளவு நல்ல விடயம்.

மகளின் போறணை போதிய சூடில்லாமல் இருந்திருக்க வேண்டும். 180 பாகையில் வைத்தால் போஞ்சி மெல்ல மெல்ல உலர்ந்து தோல் சுருங்குமே தவிரச் சிவக்காது. 220 பாகை செல்சியஸ், அங்கத்தைய அளவில் 425 பாகை ஃபரனைற், அல்லது காற்றுச் சுழற்றும் விசிறி உள்ள போறணையானால் 200 பாகை செல்சியஸ் என்று வைத்து, வெறும் தட்டத்தையும் உள்ளே வைத்தே சூடேற்றச் சொல்லுங்கள். அரைக் கிலோ போஞ்சியின் இருமுனைகளையும் கிள்ளி, நாரை உரித்து, கழுவி, துணியால் ஒற்றி, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயைக் கையால் பிசறி, சூடான தட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரப்ப வேண்டும். தட்டம் போதாவிட்டால் இரண்டு தட்டம் எடுக்கட்டும். பத்து நிமிடத்தில் ஒருமுறை குலுக்கிப் புரட்டி, மொத்தம் 15 தொடக்கம் 20 நிமிடம் விட்டால் ஆங்காங்கே கறுத்த புள்ளிகளோடு, உள்ளே அவிந்த இனிப்போடு வரும். இளம் போஞ்சியையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; உள்ளே விதை திரண்ட காய்க்கு இந்தச் சூட்டில் தோல் கருகும்வரை உள் அவியாது.

தூள் கருகியது ஏனென்றால், எங்கள் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் ஒருமுறை நெருப்பைக் கண்டவை. அவற்றை இன்னொரு இருபது நிமிடம் 220 பாகைக்குள் அனுப்பினால் கசக்காமல் என்ன செய்யும்? ஒரு தேக்கரண்டி தூளைச் சிறிது எண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டு, கடைசி மூன்று நிமிடத்தில் காயோடு பிரட்டி மீண்டும் உள்ளே வைக்கட்டும். நல்லெண்ணெய் விருப்பமானால் அதையும் போறணையிலிருந்து எடுத்த பிறகு ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அத்தகைய சூட்டில் புகைந்து அதன் மணத்தை இழந்துவிடும்.

கேள்வி: பச்சை நிறம் மாறாமல் இருக்க ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம் என்று அயலில் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி ஒருவர், உரும்பிராய்

பதில்: போடவேண்டாம். நிறம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சோடாவின் காரம் காயின் உறுதியைத் தளர்த்திக் குழையச் செய்துவிடும். விற்றமின் சீ, தயமின் போன்ற சத்துக்களையும் அழித்துவிடும். காய் நீண்ட நேரம் வேகும்போது அதற்குள்ளேயே இருக்கும் அமிலங்கள் வெளிவந்து இலைப்பச்சையிலுள்ள மக்னீசியத்தை அகற்றிவிடுவதால்தான் நிறம் பழுப்பாகிறது. மூடாமல், உறைப்பான சூட்டில், குறுகிய நேரத்தில் சமைத்தால் அந்த அமிலம் ஆவியோடு ஓரளவு வெளியேறிவிடும். சிவக்க வாட்டிய காயில் பச்சை சற்றுக் கறுத்துத் தெரிவது இயல்பு. அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

கேள்வி: பாவற்காயையும் இதே முறையில் வாட்டலாமா? கசப்பைப் பிள்ளைகள் ஏற்பதில்லை.
– வாசகி ஒருவர், சுன்னாகம்

பதில்: வாட்டலாம். ஆனால் வெண்டிக்காய்க்குச் சொன்ன உப்பு விதியை இங்கே தலைகீழாக மாற்ற வேண்டும். மெல்லிய வளையங்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி 20 நிமிடம் வைத்தால், கசப்பில் ஒரு பங்கோடு காயின் நீரும் கீழே இறங்கியிருக்கும். அந்த நீரை இறுக்கிப் பிழிந்து ஊற்றிவிட்டு, துணியில் ஒற்றி, தாச்சியில் ஒரே படையாகப் பரப்பி, வெண்டிக்காயை விடக் குறைந்த நெருப்பில் பொறுமையாக இருபுறமும் சிவக்க விடுங்கள். முழுக் கசப்பையும் அகற்ற முயல வேண்டாம்; கசப்பே இல்லாத பாவற்காயை ஏன் சமைக்க வேண்டும்? முறுகிய வளையங்களோடு பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி கட்டித் தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் விட்டுப் பிசறினால் எங்கள் பாவற்காய்ச் சம்பல் பொரியாமலே ஆயத்தம். பந்தியில் உட்காரும்போது பிசற வேண்டும். முன்கூட்டிப் பிசறினால் வளையங்கள் நனைந்துவிடும். பிள்ளைகளுக்கு முதல்நாள் இரண்டு வளையம் மாத்திரம் வையுங்கள்.

கேள்வி: எயர் ஃபிரையர் வாங்கினால் இதெல்லாம் இலகுவாகுமா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: அது சூடான காற்றை வேகமாகச் சுழற்றும் சிறிய போறணைதான். இரண்டு மூன்று பேருக்குச் சமைக்கும் வீட்டில் நல்ல துணை. ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டில் கூடையை நிரப்ப ஆசை வரும், நிரப்பினால் காய் அவிந்துவிடும். தாச்சி கையில் இருக்கும்போது இதற்காக மாத்திரம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னமும் விறகடுப்புத்தான். பச்சைக் காயை நெருப்பில் நேரே சுட்டு ஏதாவது செய்யலாமா?
– வாசகி ஒருவர், வட்டுக்கோட்டை

பதில்: உங்கள் கையில் இருப்பது எங்களுக்கெல்லாம் கிடைக்காத வசதி. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதே தணலில் கறிமிளகாயைச் சுட்டுப் பாருங்கள். சோறு வடித்து முடிந்து, பொச்சுமட்டையோ ஊமலோ எரிந்து சாம்பல் பூத்த தணலாகக் கிடக்கும் வேளைதான் பொருத்தமான நேரம். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் தோல் கருகுமே ஒழிய உள்ளே வேகாது. முழுக் கறிமிளகாயை ஈர்க்கால் இரண்டு இடத்தில் குத்தி, இடுக்கியால் தணல்மேல் வைத்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். தோல் கொப்பளித்து, கறுத்து, காய் சோர்ந்து சாயும்போது எடுத்து, ஒரு கோப்பையால் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் மூடாதீர்கள் என்று சொல்லிவந்த நான் இங்கே மூடச் சொல்வது, உள்ளே நிற்கும் ஆவி கருகிய தோலைத் தளர்த்திக் கொடுக்கும் என்பதனால். தோலைக் கையால் உரித்து, தண்ணீரில் கழுவாமல், நீளமாகக் கிழித்து உப்பும் வெங்காயமும் தேசிப்புளியும் ஒரு துளி நல்லெண்ணெயும் சேர்த்தால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் நல்ல துணைக்கறி. கழுவினால் புகை மணம் தண்ணீரோடு போய்விடும்.

கேள்வி: காலையில் வாட்டிய வெண்டிக்காயை அலுவலகத்துக்குச் சோற்றுப் பார்சலில் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் நமுத்துப்போகிறது. வழி உண்டா?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: சுடச்சுடச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினால் சோற்றின் ஆவி முழுவதையும் காய் வாங்கிக்கொள்ளும். இறக்கிய காயைத் தட்டில் பரப்பிக் கால் மணித்தியாலம் ஆறவிட்டு, சின்ன மூடிப்பெட்டியொன்றின் அடியில் மெல்லிய கடதாசித் துண்டொன்றை விரித்து அதன்மேல் தனியாக வையுங்கள். தாளித்த வெங்காயத்தை இன்னொரு மூலையில் வையுங்கள். தேசிக்காய்ப் பாதியொன்றைப் பிழியாமல் கொண்டுபோங்கள்.